பழைய பதிவேடுகளை மின்வடிவாக்கிய பின் தாள்களை அழிக்கலாமா?

கேள்வி: பதிவறைப் பொறுப்பாளர்

வணக்கம். ஓர் உள்ளாட்சி அமைப்பின் பதிவறைக்கு அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், சொத்து வரிப் பதிவேடுகள், மன்றக் கூட்டத் தீர்மானப் புத்தகங்கள், கட்டட அனுமதிக் கோப்புகள், அவற்றுக்குள் மடித்து வைத்த வரைபடங்கள் என ஏறத்தாழ 1,00,000 பக்கங்கள் இருக்கின்றன. பழைய பதிவேடுகள் சிலவற்றில் தாளின் ஓரம் தொட்டாலே உதிர்கிறது. கட்டுகளைப் பிரித்து வேகமான ஸ்கேனர் ஒன்றில் கொடுத்துவிட்டு, கிடைக்கும் கோப்புகளை ஒரு வன்தட்டில் வைத்துக்கொண்டு, இடநெருக்கடி கருதித் தாள்களை அழித்துவிடலாம் என்று அலுவலகத்தில் பேசப்படுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை; ஆனால் மாற்றாக எதை முன்வைப்பது என்றும் விளங்கவில்லை. எந்தத் தெளிவில் படமெடுக்க வேண்டும், எந்தக் கோப்பு வடிவம் நிலைக்கும், தாளை எப்போது அழிக்கலாம் என்பவற்றை இப்பணியில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆவணக்காப்பாளர்

ஐயா, ஸ்கேனரைப் பற்றி யோசிப்பதற்கு முன் அடுக்குகளில் என்ன இருக்கிறது என்பதைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி உங்கள் அலுவலகத்துக்கு இருக்கும். அதன்படி காலம் கடந்த பற்றுச்சீட்டுகளையும் நகல்களையும் உரிய ஒப்புதலோடு முதலிலேயே கழித்துவிட்டால், அழிக்கப்பட வேண்டியதைப் படமெடுக்கும் வீண் உழைப்பு மிச்சமாகும்.

எஞ்சியவற்றில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் தீர்மானப் புத்தகங்களையும் எக்காலத்திலும் அழிக்காதீர்கள். கையொப்பம் மெய்யானதா, ஒரு பதிவு பின்னாளில் வேறு மையால் திருத்தப்பட்டதா என்ற கேள்வி எழுந்தால், அதற்குப் படத்தைவிடத் தாளே உறுதியான விடை தரும். மற்ற வகைகளில், படம் மூலத்துக்கு ஈடாகச் சட்டப்படி ஏற்கப்படுகிறதா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்த பிறகே அழிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

தையலிட்ட பதிவேட்டைப் பிரிக்க வேண்டாம். புத்தகத்தை விரித்து வைத்து மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. வெற்றுப் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். அவற்றைத் தவிர்த்துவிட்டால் படங்களின் எண்ணிக்கையும் பக்கங்களின் எண்ணிக்கையும் பொருந்தாமல் போகும். பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அதைப் பார்த்து, பக்கம் நீக்கப்பட்டுவிட்டதோ என்று ஐயுற நேரிடும். உண்மையிலேயே காணாமற்போன பக்கத்துக்கு ஈடாக, அந்த இடத்தில் ஒரு குறிப்புத் தாளை வைத்து அதையும் படமெடுப்பது நல்ல வழக்கம்.

மறுமொழி: படிமத் தரச் சோதகர்

மேலே சொல்லப்பட்டதோடு முழுமையாக உடன்படுகிறேன். தெளிவைப் பொறுத்தவரை, அச்செழுத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும். மங்கிய கையெழுத்துக்கும் சிறு எண்கள் நிறைந்த வரைபடங்களுக்கும் 400 வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மையிலான திருத்தங்களும் முத்திரைகளும் பொருள் உடையவை என்பதால் வண்ணத்திலேயே எடுங்கள். ஓர் ஏ4 பக்கம் 300 டிபிஐ-இல் 2480 × 3508 படப்புள்ளிகள், அதாவது சுருக்காத வண்ணப் படமாக ஏறத்தாழ 26 மெகாபைட். உங்கள் 1,00,000 பக்கங்களுக்கு 2.6 டெராபைட் ஆகும். இன்றைய சேமிப்பகங்களுக்கு இது பெரிய அளவே அன்று; ஆகவே இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தரத்தைக் குறைக்க எந்தத் தேவையும் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் ஒன்று கட்டட வரைபடத்தில் இருந்த அறைப் பரப்புகளை மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். மூலத்தில் 21.11 என்றிருந்த அறை, ஸ்கேனில் 14.13 என்று வந்தது. ஜேபிக்2 என்ற சுருக்க முறை, ஒன்றுபோல் தோன்றும் சிறு படத்துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிட்டதே இதற்குக் காரணம். மங்கலான படமாக இருந்தால் பார்ப்பவர் ஐயுறுவார். இதுவோ கூர்மையான, தெளிவான, தவறான எண். வரிப் பதிவேட்டிலும் கட்டட அனுமதிக் கோப்பிலும் இப்படி நேர்ந்து, மூலத் தாளும் அழிக்கப்பட்டிருந்தால், தவறு நேர்ந்ததை அறியவே வழியிருக்காது.

ஆகவே மூலப்படியை, படத்தின் எந்த விவரத்தையும் இழக்காத டிஃப் (TIFF) வடிவக் கோப்பாக வைத்து, அன்றாடப் பயன்பாட்டுக்கு அதிலிருந்து பிடிஎஃப்/ஏ உருவாக்குங்கள். நீண்ட காலப் பாதுகாப்புக்கென 2005-இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரநிலையாக வெளிவந்த வடிவம் அது. ஆனால் பிடிஎஃப்/ஏ-வுக்குள்ளும் ஜேபிக்2 அனுமதிக்கப்படுகிறது என்பதால், ஒப்பந்தக்காரரிடம் வடிவத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், சுருக்க முறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வியாளரின் தொடர் ஐயம்

மிக்க நன்றி. இந்தச் செய்தியை மேலதிகாரிகளிடம் எடுத்துச் செல்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: கையெழுத்துப் பதிவேடுகளை, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துக் கணினி எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருளைக் கொண்டே தேடத்தக்கவையாக மாற்றிவிட முடியுமா? வன்தட்டு ஒன்று போதாது என்றால் வேறு எதில் வைப்பது?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆவணக்காப்பாளர்

பலரது கையெழுத்தில் உள்ள பழைய பதிவேடுகளில் மென்பொருளை மட்டும் நம்ப வேண்டாம். பதிவு எண், தேதி, பெயர் ஆகிய சில புலங்களை மட்டும் இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டும் வேறுபடும் இடங்களில் மூன்றாமவர் படத்தைப் பார்த்து முடிவு செய்வதே நம்பத்தக்க முறை. பணியில் பெரும்பகுதி நேரம் இதற்குத்தான் செலவாகும். ஆயினும் தேடி எடுக்க முடியாத படத்தால் மக்களுக்குப் பயன் எதுவும் இல்லை என்பதால், இதைக் குறைக்க ஒப்பாதீர்கள். கோப்பின் பெயரில் ஆட்பெயர் வரக் கூடாது. எழுத்துக்கூட்டல் மாறுபடும், தனியுரிமையும் கெடும். பதிவேட்டு எண், ஆண்டு, பக்க எண் ஆகியவை போதும்.

சேமிப்பைப் பொறுத்தவரை ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் (நகல்கள்) தேவை: அவை இரு வேறு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகர வரலாற்று ஆவணக்காப்பகம் 2009 மார்ச் 3 அன்று இடிந்து விழுந்தபோது, கட்டடத்துக்குள் பத்திரமாக இருந்தவற்றில் பெரும்பகுதி ஒரே நாளில் இடிபாட்டுக்குள் சிக்கியது. படமெடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்) கணக்கிட்டுத் தனியே வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது மூன்று படிகளையும் அதனோடு ஒப்பிடுங்கள். ஒரு படி சிதைந்திருந்தால் மற்றதிலிருந்து மீட்கலாம்.

காந்த நாடாவைத் தேர்ந்தால் அதன் தலைமுறையைக் கவனியுங்கள். எல்டிஓ என்ற கணினி நாடா வகையில், எல்டிஓ-7 வரையிலான கருவிகள் இரண்டு தலைமுறை பழைய நாடாவையும் படித்தன. எல்டிஓ-8 கருவியோ ஒரு தலைமுறை பழையதை மட்டுமே படிக்கும். கருவி மாறும்போதெல்லாம் நாடாவைப் புதுப்பிக்கும் செலவை இப்போதே ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாகச் சேர்த்துவிடுங்கள். பணி முடிந்த பிறகு கேட்டால் அது கிடைப்பது அரிது.