லாக்ஸ்டன் கிராமத்தின் திறந்த வயல்கள் வேலியடைப்புக்குத் தப்பியது எப்படி?

கேள்வி:
1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றி, ஊர்மக்கள் பகிர்ந்து உழுத வயல்களைத் தனித்தனிப் பண்ணைகளாகப் பிரித்தது. ஆனால் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூரில் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்ற மூன்று திறந்த வயல்கள் இன்றும் பழைய முறைப்படியே பயிரிடப்படுகின்றன. அந்த மண்ணின் இயல்பு காரணமா, அல்லது நில உடைமையின் வரலாறு காரணமா?

மறுமொழி 1:
உடைமைதான் முதன்மையான காரணம். ஊரின் பெரும்பகுதி மான்வர்ஸ் பிரபுவின் குடும்பத்திடமும் கணிசமான மற்றொரு பகுதி ஸ்கார்பரோ பிரபுவின் குடும்பத்திடமும் இருந்தன. இருவரும் உடன்படாமல் வேலியடைப்பை முடிக்க இயலவில்லை, அந்த உடன்பாடு நெடுங்காலம் கூடிவரவுமில்லை. அதற்கு முன்பிருந்த நிலைமையை அறிய 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலஅளவைப் படத்தைக் காண வேண்டும். பார்படோஸ் குடியேற்றத்துக்கு முதலீடு செய்த லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன் இந்த ஊரின் உடைமையாளராக இருந்தபோது வரையச் செய்த அந்தப் படம், 2,000-க்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள அதை, ஓர் ஊரைப் பற்றிய மிகச் சிறந்த ஆவணங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

மறுமொழி 2:
மண்ணையும் ஒதுக்கிவிட முடியாது. ஷெர்வுட் காட்டின் மணற்பாங்கான நிலத்துக்கும் டிரென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையிலுள்ள மேட்டில், நீர் எளிதில் வடியாத கனமான களிமண்ணின்மேல் இந்த ஊர் அமைந்திருக்கிறது. உழ முடியாத ஈரத் தாழ்வுகளை 'சைக்' என்று பெயரிட்டுப் புல்நிலமாகவே விட்டுவைக்கிறார்கள். அந்தப் புல் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு என்ற சுழற்சியே அடிப்படை. ஒருவருடைய நிலம் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடப்பதால், பண்ணைவீடுகள் பெரும்பாலும் ஊர்த்தெருவிலேயே உள்ளன. வேலியடைப்பு நடந்த பல ஊர்களிலோ குடியானவர்கள் தம் நிலத்தின் நடுவே புதிய வீடுகளைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

கேள்வி கேட்டவர்:
இரு விளக்கங்களுக்கும் நன்றி. சிதறிய துண்டுகளைக் கொண்டு இக்காலத்தில் பிழைக்க முடிகிறதா? எல்லைத் தகராறுகளை யார் தீர்க்கிறார்கள்?

மறுமொழி 3:
துண்டுகள் 1635-இல் இருந்தவாறே இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை பரிமாறி இணைக்கப்பட்டு அகலமாக்கப்பட்டன; இன்று அவற்றில் டிராக்டர் ஓடுகிறது. திறந்த வயல்களின் பரப்பு 500 ஏக்கருக்கும் குறைவு என்பதால், குத்தகையாளர்கள் வேலியிட்ட நிலத்தையும் சேர்த்தே பண்ணை நடத்துகிறார்கள்.

தகராறுகளுக்கு 'கோர்ட் லீட்' என்னும் ஊர்மன்றம் உண்டு. நவம்பர் இறுதியில் ஜூரிகள் எனப்படும் மன்றத்தின் ஆய்வுக் குழுவினர் கோதுமை விதைத்த வயலை நடந்து பார்த்து, எல்லைகளில் முளையடித்து, பாதையையோ சைக்கையோ தாண்டி உழுதவரைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வாரத்துக்குப் பின் டவ்கோட் என்ற மதுவிடுதியில் மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. அண்டை நிலத்துக்காரர்களே ஜூரிகளாக இருப்பதுதான் இதன் வலிமை என்பது என் கருத்து.

இந்த முறை நிலைக்க அரசும் துணைநின்றது. 1952-இல் மான்வர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது, அரசமுடிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டுக்கு மாறியது. 2020-இல் மான்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.