சின்ன டிரெய்லர் வாங்கி, கரண்ட் தண்ணீர் இணைப்பு இல்லாத இடத்தில் தங்க நினைப்பவர்களுக்கு

டீலரிடம் போய் டிரெய்லர், அதாவது காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போய்த் தங்கும் சின்ன வண்டி வீடு, பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் அதற்கு முந்தின நாளே ஒரு வேலை செய்துவிடுங்கள். உங்கள் காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், அமெரிக்கா கனடாவில் விற்ற கார் என்றால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு காரின் கையேட்டிலோ பதிவுச் சான்றிதழிலோ கிடைக்கும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரை முடிவு செய்யப் போவது அதுதான், விளம்பரத்தில் பெரிதாகப் போடும் "1600 கிலோ இழுக்கும்" என்ற எண் இல்லை.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டே பார்ப்போம். ஸ்டிக்கரில் 430 கிலோ என்று இருக்கிறது. இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், 220 கிலோ. டிக்கியில் சாமான் 60. டிரெய்லரை மாட்ட காரின் பின்னால் பொருத்தும் ஹிட்ச் இரும்பு 20. மீதம் 130 கிலோ. இப்போது 1300 கிலோ டிரெய்லரை மாட்டுகிறீர்கள், அதன் மூக்கு காரின் பின்னால் அழுத்துகிற எடை, டங் வெயிட் என்பார்களே, அது 12 சதவீதம் என்றால் 156 கிலோ. ஆக, "1600 இழுக்கும்" கார் 1300-லேயே வரம்பைத் தாண்டிவிட்டது. பின் டயர்கள் அமுங்கும், முன் சக்கரங்களில் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அப்படி ஓட்டவே கூடாது.

பிரசுரத்தில் போடும் எடை காலி வண்டியின் எடை என்பதையும் மறக்க வேண்டாம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, டாங்க் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. கேஸ் சிலிண்டர், பேட்டரி, படுக்கை, பாத்திரம், நாற்காலி எல்லாம் சேர்ந்தால் இன்னும் 200 கிலோ சாதாரணமாக ஏறும். அதனால் டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் அதிகபட்ச மொத்த எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். முடிந்தால் நிரப்பிய வண்டியை லாரி எடை மேடையில் ஒரு தரம் நிறுத்திப் பாருங்கள், அதைவிட நம்பகமான பதில் கிடையாது.

டங் வெயிட் குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதில்லை. மூக்கு லேசாக இருந்தால் வேகத்தில் டிரெய்லர் பின்னால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், ஆட்டம் பெருகிக் காரையே புரட்டிவிடும். வட அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் வண்டிகளின் அமைப்பும் வேக வரம்பும் வேறு என்பதால் இதைவிடக் குறைவாக, 5 முதல் 7 சதவீதம் வைக்கிறார்கள். ஆகவே ஒரு நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னொரு நாட்டு வண்டியில் சாமான் அடுக்காதீர்கள். கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால், கீழே, தரையோடு. பின் பம்பரில் நாலு சைக்கிள் மாட்டுவது வேண்டவே வேண்டாம். ஆட்டம் வந்தேவிட்டால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் காரில் உள்ள பிரேக் கன்ட்ரோலரைக் கையால் இயக்கி டிரெய்லரை மட்டும் பிடிக்க வையுங்கள்.

சரி, லைசென்ஸ். ஒரு நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதை விசாரிக்காமல் விடக் கூடாது, நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் லைசென்ஸான பி லைசென்ஸில் 750 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம், அதற்கு மேல் என்றால் காரும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 3500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பரில் விதி தளர்ந்தது, கார் லைசென்ஸிலேயே 3500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம், தனித் தேர்வு தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும், நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு பி பிளேட் (புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கான அடையாளம்) வைத்திருப்பவர்கள் காலி எடை 250 கிலோவுக்கு மேல் உள்ளதை இழுக்கக் கூடாது. வேக வரம்பும் தனி. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைல்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் டிரெய்லர் இழுக்கப் போகிறேன் என்று சொல்லி எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது. கேம்ப் கிரவுண்டில் கரண்டும் தண்ணீரும் இழுத்துக்கொண்டு தங்குவதற்கும், ஒன்றுமே இல்லாத காட்டோரத்தில் மூன்று ராத்திரி தங்குவதற்கும் வண்டி ஒன்றாக இருக்கலாம், கணக்கு வேறு.

முதலில் தீர்வது அநேகமாகத் தண்ணீர்தான். 12 வோல்ட் பம்ப் குழாயை முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தள்ளும். வீட்டில் பல் தேய்க்கிற மாதிரி குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நாலு பேர் பல் தேய்த்தால் டாங்கில் பாதி போய்விடும். குளியல் இல்லாமல், கவனமாக இருந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 லிட்டரில் ஓட்டலாம், 100 லிட்டர் டாங்க் நாலு பேருக்கு இரண்டரை நாள். பாத்திரத்தை முதலில் பேப்பரால் துடைத்துவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்துத் தேய்த்து, கடைசியில் ஒரு கிண்ணம் தண்ணீரில் அலசினால் செலவு பாதிக்குப் பாதி குறையும். கழுவிய தண்ணீர் சேரும் டாங்கின் அளவையும் கேளுங்கள், நல்ல தண்ணீர் டாங்கைவிட அது ரொம்பச் சின்னதாக இருந்தால் அதுதான் முதலில் நிரம்பி உங்களைக் கிளப்பிவிடும். அதைத் தரையில் திறந்து விடுவது பெரும்பாலான இடங்களில் சட்டப்படி குற்றம். கழிப்பறைக்கு, சின்ன வண்டியில், வெளியே உருவி எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டக்கூடிய கேசட் வகைதான் என் விருப்பம். டிரெய்லரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு கேசட்டை மட்டும் காரில் எடுத்துப் போகலாம்.

கரண்ட் விஷயத்தில் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 முதல் 40 ஏ.எச் (ஆம்பியர்-அவர், பேட்டரியில் உள்ள மின்சாரத்தின் அளவு) எடுக்கும். விளக்கு, பம்ப், போன் எல்லாம் சேர்ந்து 10. குளிர் ராத்திரியில் கேஸ் ஹீட்டரின் காற்றாடி ஓடினால் இன்னொரு 15. ஆக 60 ஏ.எச் பக்கம். டீலர் சும்மா வைத்துத் தரும் 100 ஏ.எச் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 50. ஒரு நாள்கூட வராது. அதே 100 ஏ.எச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழே. விலை அதிகம்தான், ஆனால் இந்த ஒரு செலவுக்குத் தயங்காதீர்கள். குளிர் நாட்டில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்தால் செல்கள் கெட்டுவிடும். உள்ளேயே சூடேற்றும் வசதி உள்ளதாக வாங்குங்கள், அல்லது பேட்டரியை வண்டிக்குள் வையுங்கள்.

200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 600, 700 வாட்-அவர் தரும், மேலே சொன்ன 60 ஏ.எச்-ஐ, 12 வோல்ட்டில் அது 720 வாட்-அவர், ஏறக்குறைய ஈடு கட்டும். ஆனால் நாம் வண்டியை நிறுத்த ஆசைப்படுவது மர நிழலில், பேனலுக்கு வேண்டியது வெயில். கூரையில் ஒன்று, நீளமான கேபிளோடு தரையில் விரிக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். ஏசி, மின் அடுப்பு, ஹீட் கம்பி இதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. சின்ன ஏசியே ஆயிரம் வாட்டைத் தொடும், ஒரு லித்தியம் பேட்டரியை ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

கேஸ் பற்றிச் சுருக்கமாக. குளிருக்கு புரோப்பேன்தான், பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகில் ஆவியாகவே மறுக்கும். புரோப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், அதனால்தான் கேஸ் அலாரம் கீழே வைக்கிறார்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் தனியாக வேண்டும். எவ்வளவு குளிர் அடித்தாலும் சமையல் அடுப்பை ஏற்றி அறையைச் சூடாக்காதீர்கள். அடுப்பில் இருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

என்ன வகை என்று கேட்டால்: இரண்டு பேர் என்றால் டியர்டிராப் என்கிற, கண்ணீர்த்துளி வடிவச் சின்ன வண்டி போதும், சின்னக் காரே இழுக்கும். துணிச் சுவர் கொண்ட, மடித்து வைத்து நிறுத்தியதும் விரிக்கிற பாப்-அப் எடை குறைவு, இடம் நிறைய, ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், குளிர் தாங்காது. நாலு பேருக்கு, நாலரை ஐந்து மீட்டரில், ஒற்றை அச்சு, கெட்டிச் சுவர் வண்டியைத்தான் நான் சொல்வேன். மண் சாலையில் போவதாக இருந்தால் அடிப்பாகம் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று குனிந்து பாருங்கள். கழிவுக் குழாய் அச்சுக்குக் கீழே தொங்கினால் முதல் பள்ளத்திலேயே உடையும்.

பழையது வாங்குவதில் தவறில்லை, தண்ணீர் இறங்காத வண்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டியிருந்த கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் ஈர வாசனை வருகிறதா பாருங்கள், வாசனைத் திரவம் தூக்கலாக அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். மூலைகளிலும், ஜன்னல் அடியிலும், கூரை வென்ட்டைச் சுற்றியும் கட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரச் சட்டம் உளுத்துவிட்டது, விலை எவ்வளவு குறைத்தாலும் நடையைக் கட்டுங்கள். வெளிச்சுவரைச் சாய்வாக வெளிச்சம் பட நின்று பார்த்தால் உப்பல் தெரியும். டயரின் பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் பட்டன் தேயாமல் புதிது மாதிரி இருக்கும், ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். வண்டியின் மீது யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்று பதிவு எண்ணை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பணம்.

விசா, வேலை, வாடகை வீடு எல்லாம் இன்னும் நிலைக்காத நிலையில் நீண்ட தவணைக் கடனில் புது டிரெய்லர் வாங்காதீர்கள், தயவுசெய்து. கடனைவிட வேகமாக வண்டியின் மதிப்பு இறங்கும், ஊர் மாற வேண்டி வந்தால் கழுத்தைப் பிடிக்கும். நிறுத்த இடம் உண்டா என்று வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள், பல குடியிருப்புகளில் அனுமதி இல்லை. ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு இது பிடிக்குமா என்பதும் தெரிந்துவிடும்.

எங்கே தங்கலாம் என்பதையும் சட்டத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அமெரிக்காவில் பி.எல்.எம் என்ற மத்திய அரசு அமைப்பின் கீழ் உள்ள பொது நிலங்களில் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள் வரை அனுமதி. ஒன்டாரியோவின் அரசு நிலத்தில் ஒரே இடத்தில் வருடத்துக்கு 21 நாள். ஸ்காட்லாந்திலும் சுவீடனிலும் எங்கும் நடந்து போய்த் தங்கலாம் என்ற உரிமை பிரபலம், ஆனால் அது வாகனத்துக்குப் பொருந்தாது. கோடையில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும்.

ரிவர்ஸ் எடுக்க, காலி மைதானத்தில் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்தால் கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் போகும். சின்ன டிரெய்லர் நீளமானதைவிட வேகமாகத் திரும்பி மடங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. முதல் தரம் பக்கத்து ஊரிலேயே ஒரு கேம்ப் கிரவுண்டில் எந்த இணைப்பும் மாட்டாமல் இரண்டு ராத்திரி தங்கிப் பாருங்கள், எது தீர்கிறது, எது தேவையில்லை என்று குறித்து வையுங்கள். போகிற வழியில் முதல் 80, 100 கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால், அதாவது இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனரால், ஒரு முறை இறுக்கிவிடுங்கள், புதிதாக மாட்டிய சக்கரத்தில் அவை தளர்வது உண்டு. சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ சிக்குகிறது, அதைச் சரிபார்க்காமல் மேலே ஓட்ட வேண்டாம்.