பச்சை பூத்த கடலை மூட்டை

பெரியப்பா: கடலை மூட்டைகளில் ஒன்று பச்சையாகப் பூத்திருக்கிறது. காயவைத்து மாட்டுக்குப் போடலாமா?

ரேவதி சித்தி: தாராளமாக. உதறிப் போடுங்கள்

கௌரி: வேண்டாம் பெரியப்பா! ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையாக இருந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். காய்ந்தாலும் வெந்தாலும் போகாது, பாலிலும் வரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தது கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தால்தான்.

முத்து: வான்கோழியா??

அத்தை: மாமாவுக்குக் கண் ஆபரேஷன் வெள்ளியா சனியா?

பெரியப்பா: போன வருடம் பூக்கவில்லையே கௌரி

கௌரி: பூஞ்சை மண்ணிலேயே இருக்கிறது. எவ்வளவு நஞ்சு சுரக்கும் என்பதில் கடலைக்கும் பங்கு உண்டு. பருப்பிலுள்ள லினோலிக் என்ற கொழுப்பு அமிலத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதிகள் இருக்கின்றன. அந்த அமிலச் சங்கிலியின் 13ஆம் கார்பனில் சேர்ந்தால் வரும் பொருள் பூஞ்சையின் நஞ்சு மரபணுக்களை அடக்குகிறது. 9ஆம் கார்பனில் சேர்ந்தால் அதே மரபணுக்கள் கூடுதல் நேரம் இயங்குகின்றன. பூஞ்சை தாக்கும்போது அந்த 13 வகை நொதியே பருப்பில் குறைந்துவிடுகிறது. தன்னை அடக்குகிற குரலையே அது தணித்துவிடுகிறது, எனக்கு இதுதான் பெரிய வியப்பு. பூஞ்சையும் இதே இனப் பொருள்களைத் தானே தயாரிக்கிறது.

முத்து: 13 நல்லது 9 கெட்டது. சரியா?

கௌரி: ஏறக்குறைய. ஆனால் எல்லாப் பயிருக்கும் அப்படியே பொருந்தாது. மக்காச்சோளத்தில் 9 வகை நொதி ஒன்றை நீக்கினார்கள். வேறொரு பூஞ்சைக்கு எதிர்ப்பு கூடியது, ஆஸ்பர்ஜில்லஸ் மட்டும் இன்னும் அதிகமாகத் தாக்கியது.

கௌரி: அப்புறம், காய் முற்றும் நேரத்தில் மண் காய்ந்து சூடேறினால் பருப்பு தன் எதிர்ப்புப் பொருள்களைச் செய்ய முடியாமல் போகும்.

பெரியப்பா: அந்த நேரத்தில் மோட்டார் முறை யாருடையது?

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணா. கிடங்குக் கூரை ஒழுகுகிறது என்று நான் எத்தனை முறை சொன்னேன்?

பெரியப்பா: கூரைச் செலவில் உன் பாதி வந்ததா?

ரேவதி சித்தி: இங்கே வேண்டாமே

கௌரி: இரண்டும் காரணமாக இருக்கலாம். வயலில் தொற்றியது ஈரத்தில் பெருகும். அந்த மூட்டையைத் தனியாக வையுங்கள், தூக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மற்ற மூட்டைகளையும் சோதிக்க வேண்டும், பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். ஒரே இடத்தில் அள்ளாமல் மேல், நடு, அடி எல்லாம் கலந்து எடுங்கள்.

பெரியப்பா: சரிம்மா. மாட்டுக்குப் போடவில்லை. மற்றதை விதைக்கலாமா?

கௌரி: முடிவு வரட்டும். சோதனைக்கு யார் கொண்டு போவது?

முத்து: திங்கள் என்றால் நான்

அத்தை: வெள்ளியா சனியா?

சித்தப்பா: வெள்ளி. கூரையை நேரில் பேசலாம்

பெரியப்பா: மோட்டாரையும்