கலீலா வ திம்னா: அரசனுக்கு அறிவுரை கூற விலங்குக் கதை எதற்கு?

பொருநைவாசி (கேள்வி):
பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாகச் சென்று, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பாவின் கையில் ‘கலீலா வ திம்னா’ (கலீலாவும் திம்னாவும்; இரு நரிகளின் பெயர்கள்) என்ற அரபு நூலாயின. மன்னனிடம் நேராகப் பேச அஞ்சியே அவர் அறிவுரையை விலங்குகளின் வாயில் வைத்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். சிங்கம் என்றால் யார், நரி என்றால் யார் என்பது அப்பாசிய கலீஃபாக்களின் அவையில் ஒருவருக்குமா விளங்கியிருக்காது? மறைக்க உதவவில்லை என்றால் கதை வேறு எதற்கு உதவியது?

ஏட்டுவாசகர்:
அச்சம் என்ற விளக்கம் எனக்கும் போதுமானதாகப் படவில்லை. அதே இப்னுல் முகஃப்பா, குராசான் படையினரை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது முதல், ஊருக்கு ஊர் முரண்படும் காஜிகளின் (நீதிபதிகளின்) தீர்ப்புகளை ஆராய்ந்து ஒரே நூலாகத் தொகுக்க வேண்டும் என்பது வரை, கலீஃபா அல்-மன்சூருக்கு எந்தத் திரையுமின்றி ‘ரிசாலா ஃபிஸ் ஸஹாபா’ என்ற மடலில் எழுதியவர்.

கதையின் பயன் வேறு. பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியாக நாம் அறிந்த மித்திரபேதத்தில், சிங்கத்துக்கும் எருதுக்கும் பகை மூட்டிய நரி தமனகன் (அரபு நூலில் திம்னா), எருது கொல்லப்பட்ட பிறகும் தண்டனையின்றி அமைச்சனாக நிலைக்கிறான். அரபு நூலிலோ, அதன் பின் திம்னாவின் மீதான விசாரணை ஒரு தனி அதிகாரமாக வருகிறது. அதை இப்னுல் முகஃப்பாவே சேர்த்தார் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. திம்னாவின் சூழ்ச்சியைத் தொடக்கம் முதல் கண்டுவந்த வாசகனுக்கு அவன் குற்றவாளி என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அவையில் சாட்சி இல்லை. முகக்குறியைக் காட்டிக் குற்றம் சாட்டுபவனைத் திம்னா தன் வாதத்தால் வாயடைக்கச் செய்கிறான். கலீலாவும் திம்னாவும் பேசியதைக் கேட்ட சிறுத்தையும், சிறையிலிருந்த மற்றொரு விலங்கும் சாட்சி சொன்ன பிறகே மரண தண்டனை நிறைவேறுகிறது. வெறும் சந்தேகத்தால் எருதைக் கொன்ற அதே சிங்கம், இம்முறை ஆதாரத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ‘விசாரிக்காமல் தண்டிக்காதே’ என்று மடலில் எழுதினால் மன்னன் தலையசைத்துவிட்டுப் போவான்; கதையிலோ, குற்றம் உறுதியாகத் தெரிந்த நிலையிலும் பொறுத்திருக்கும் வேதனையை அவனே அனுபவிக்கிறான். இந்த அதிகாரத்துக்காகவே அந்நூலைப் படிக்கலாம் என்பேன்.

கூடல்நகரான்:
ஏட்டுவாசகர் கூறியதை ஏற்கிறேன். நூலாசிரியரே முன்னுரையில் தம் நோக்கங்களைச் சொல்கிறார்: விலங்குகள் பேசுவதால் இளைஞர்கள் விரும்பிப் படிப்பார்கள், வண்ணப் படங்கள் மன்னர்களின் மனத்தைக் கவரும், அதனால் நூல் மேன்மேலும் படியெடுக்கப்பட்டு அழியாமல் நிற்கும், இறுதி நோக்கம் மெய்யறிவாளருக்கு உரியது. இவற்றுள் ஒளிந்துகொள்ளும் எண்ணம் எதையும் நான் காணவில்லை. பின்னர் அவர் பஸ்ராவில் கொல்லப்பட்டதற்கும் வரலாற்றாசிரியர்கள் கதைகளைக் காரணமாகச் சொல்வதில்லை. கலீஃபாவின் சிற்றப்பா அப்துல்லாஹ் இப்னு அலீக்காக அவர் எழுதிய பாதுகாப்புப் பத்திரத்தின் கடுமையான நிபந்தனைகள் அல்-மன்சூரைச் சினமூட்டியதையே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

பொருநைவாசி:
இருவருக்கும் நன்றி. விசாரணை அதிகாரத்தை முழுமையாகப் படிக்கிறேன். இதே மரபில் அடுத்து எதைப் படிக்கலாம்?

ஏட்டுவாசகர்:
12ஆம் நூற்றாண்டில் சிசிலியைச் சேர்ந்த இப்னு ஸஃபர் எழுதிய ‘சுல்வானுல் முதாஃ’ நூலைப் பாருங்கள். குடிகளின் பகைக்கு உள்ளான மன்னனுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட அந்நூலில் இறைவனிடம் ஒப்படைத்தல், ஆறுதல், பொறுமை, மனநிறைவு, துறவு என ஐந்து பகுதிகள் உள்ளன. திருக்குர்ஆன் வசனங்களும் வரலாற்று நிகழ்ச்சிகளும் விலங்குக் கதைகளும் அவற்றில் அடுத்தடுத்து வருகின்றன.