யூட்டா விடுதிப் பள்ளிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: மகளுக்கு 15 வயது. ராத்திரியில் சொல்லாமல் போய்விடுகிறாள். ஆலோசகர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு சிகிச்சை விடுதிப் பள்ளியைச் சொல்கிறார்; நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்துச் சிகிச்சை பெறும் இடம். அனுப்பலாமா?

பதில்: அக்கா, நான் 16 வயதில் அப்படி ஓர் இடத்தில் 11 மாதம் இருந்தேன். விடியற்காலை 4 மணிக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர் எழுப்பிக் கூட்டிப்போனார்கள். அம்மா கதவோரம் நின்றிருந்தார். வாரம் ஒரு போன், பக்கத்திலேயே ஊழியர். "வீட்டுக்கு வரணும்" என்றதும் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். குதிரைகளைக் குளிப்பாட்டுவது மட்டும் பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்த விடியலைப் பற்றி அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.

இன்னொருவர்: சிறுவயதில் அப்படி ஒரு பள்ளியில் இருந்த அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன், 2021-இல் யூட்டா மாநில செனட் (சட்டமன்ற மேலவை) குழு முன் சாட்சி சொன்னார். அந்த வருடமே சட்டம் வந்தது. அதன்படி, பிள்ளைகளை வாரந்தோறும் வீட்டாரிடம் தனியாகப் பேசவிட வேண்டும். அங்கே விடுகிறார்களா, கேளுங்கள்.

கேட்டவர்: நன்றிம்மா. மகளை அப்படிக் கூட்டிப்போக ஆள் அனுப்பும் படிவத்தில் இன்று கையெழுத்துப் போட இருந்தேன். போடவில்லை.