நாவல் பரிசு: 9, 12, 15 வயசுப் பிள்ளைகளுக்கு எது கொடுத்தா உண்மையிலேயே படிப்பாங்க?

நூல்முனை (கேள்வி)

மூணு பிள்ளைகளுக்கு நாவல் பரிசாக் கொடுக்கணும். மூணு பேருமே ஆங்கிலம் சரளமாப் படிப்பாங்க.

9 வயசுப் பையன் காமிக்ஸ்னா உட்கார்ந்த இடத்துல முடிச்சிடுவான். வெறும் எழுத்தா இருந்தா பத்துப் பக்கத்துல மூடி வச்சிடுவான். 12 வயசுப் பொண்ணு எது கிடைச்சாலும் படிப்பா. ஹாரி பாட்டர், பெர்சி ஜாக்சன் எல்லாம் முடிச்சாச்சு. 15 வயசுப் பையன் ஒரு காலத்துல நிறையப் படிச்சவன், இப்போ புத்தகத்தைத் தொடுறதே இல்லை.

அலமாரியில அழகா நிக்கிற புத்தகம் வேண்டாம், படிக்கிற புத்தகம் வேணும். எதுல ஏமாந்து போவோம்னும் சொல்லுங்க. தொடர்கதைன்னா முழு செட்டும் வாங்கலாமா, முதல் பாகம் மட்டும் போதுமா?

மைக்கூடு

சின்னவனுக்கு யோசிக்காம பிரையன் செல்ஸ்னிக்கோட 'தி இன்வென்ஷன் ஆஃப் ஹ்யூகோ கேப்ரே' (2007) வாங்குங்க. 500 பக்கத்துக்கு மேல வரும், கையில எடுத்தா செங்கல் மாதிரி கனக்கும். ஆனா பாதிக்கும் மேல பென்சில் ஓவியம். ஆரம்பமே எழுத்து இல்லாமத்தான்: நிலா, அதுக்குக் கீழ பாரிஸ், ஒரு ரயில் நிலையம், கூட்டத்துக்குள்ள ஒரு பையன், அவன் முகம்னு ஒவ்வொரு பக்கமாத் திருப்பத் திருப்பக் காட்சி நெருங்கிட்டே வரும். இந்தப் படங்கள் அலங்காரத்துக்கு வச்சது இல்லை. எழுத்து நிக்கிற இடத்துல கதையை ஓவியம் வாங்கிக்கும், ஓவியம் முடிஞ்சதும் எழுத்து வாங்கிக்கும். படக்கதைக்குப் பழகின பையன் அதனாலயே சிரமப்படாம உள்ளே போயிடுவான். தடிமனான ஒரு நாவலை முடிச்சோங்கிற தெம்பும் வரும். அச்சுப் புத்தகமாவே கொடுங்க. ரெண்டு பக்கத்துக்கு விரியுற ஓவியம் போன் திரையில சுருங்கிப்போகும்.

அடுத்தது கேத்தரின் ஆப்பிள்கேட்டோட 'தி ஒன் அண்ட் ஒன்லி ஐவன்' (2012). வணிக வளாகத்துல அடைபட்டுக் கிடக்குற ஒரு கொரில்லா தானே சொல்ற கதை. அத்தியாயங்கள் ரொம்பச் சின்னது, சிலது சில வரிகள்தான். ஒண்ணு கவனிங்க: கதையில ஸ்டெல்லாங்கிற யானை செத்துப்போகும். விலங்குகள் மேல உயிரா இருக்குற பிள்ளைன்னா வீட்டுல முன்கூட்டியே சொல்லி வையுங்க.

பத்துப் பக்கத்துல மூடுறதுக்குச் சொற்கள் கடினமா இருக்குறது மட்டும் காரணம் இல்லை. பல நேரம் பக்கம் நெருக்கமா அச்சாகி இருக்குறதுதான் காரணம். அதே நாவல் ஒரு பதிப்புல விசாலமா இருக்கும், இன்னொண்ணுல பொடி எழுத்தா வரி மேல வரி ஏறி நிக்கும். வாங்கும்போது நடுவுல ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்க. அத்தியாயம் ஏழெட்டுப் பக்கத்தைத் தாண்டினா இந்தப் பையனுக்கு இப்போதைக்கு வேண்டாம். சொல் வளத்துக்கு அஞ்சு விரல் கணக்கு இருக்கு: ஒரு பக்கத்துல தெரியாத சொல்லுக்கு ஒரு விரலா மடக்கணும், அஞ்சும் மடங்கிட்டா தனியாப் படிக்கக் கஷ்டம்.

காமிக்ஸ்ல இருந்து அவனை 'மேல ஏத்தணும்'ங்கிற அவசரமும் வேண்டாம். ஜெரி கிராஃப்டோட 'நியூ கிட்' ஒரு கிராஃபிக் நாவல்தான், அதாவது காமிக்ஸ் வடிவத்துல வர்ற நாவல். அமெரிக்காவுல சிறுவர் இலக்கியத்துக்குக் கொடுக்குற நியூபெரி பதக்கத்தை 2020ல வாங்கினது அது. அந்தப் பதக்கம் ஒரு கிராஃபிக் நாவலுக்குக் கிடைச்சது அதுதான் முதல் தடவை.

வாசிப்புமேசை

12 வயதுப் பெண்ணுக்குச் சொல்கிறேன். எல்லாவற்றையும் படிக்கிற பிள்ளைக்குப் பரிசு வாங்குவதில் உள்ள சிக்கலே, நாம் வாங்குவதை அவள் முன்பே படித்திருப்பாள் என்பதுதான். மந்திரப் பள்ளி, புராணக் கடவுள் என்று அதே தடத்தில் இன்னொன்றைத் தேடாமல் கொஞ்சம் விலகிப் போங்கள்.

என் முதல் தேர்வு ரெபெக்கா ஸ்டெட் எழுதிய 'வென் யூ ரீச் மீ' (2009). 1970களின் இறுதி, நியூயார்க். மிராண்டா என்ற சிறுமிக்கு, இனிமேல் நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்தவர் எழுதியது போலத் துண்டுச் சீட்டுகள் வருகின்றன. அங்கங்கே கிடந்த சின்னச் சின்ன விவரங்கள் எல்லாம் கடைசியில் பூட்டுப் போட்டதுபோல் பொருந்தும். முடித்த கையோடு மறுபடி முதலில் இருந்து படிக்க வைக்கும் நாவல். மிராண்டா எப்போதும் கையில் வைத்திருப்பது மேடலின் லெங்கிலின் 'எ ரிங்கிள் இன் டைம்' (1962). இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அருமையான ஜோடி. 'ரிங்கிள்' முதலில் படிக்கட்டும். மற்றதில் அதன் கதையைப் பற்றிய பேச்சு வருகிறது.

பிலிப் புல்மனின் மூன்று பாகத் தொடரையும் யோசிக்கலாம். ஆனால் முதல் பாகத்துக்கு இரண்டு பெயர்: பிரிட்டனில் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995), அமெரிக்காவில் 'தி கோல்டன் காம்பஸ்'. இரண்டும் ஒரே நாவல். வேறு வேறு பாகம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடுவது எளிது. மூன்றாம் பாகம் முதலாவதை விடக் கனமானது, அதைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

லோயிஸ் லவ்ரியின் 'தி கிவர்' (1993) இந்த வயதுக்கான பட்டியல்களில் தவறாமல் வரும். சிறிய, அபாரமான நாவல். அதில் கைக்குழந்தை ஒன்று கொல்லப்படும் காட்சி இருக்கிறது. 12 வயதில் படிக்கலாம், ஆனால் பேசுவதற்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. முடிவும் திறந்தே நிற்கும். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டு 'கேதரிங் ப்ளூ'வை (2000) எடுத்தால் அதில் வேறு ஊர், வேறு மனிதர்கள். விடை 'மெசஞ்சர்' (2004), 'சன்' (2012) இரண்டிலும்தான் வருகிறது.

ஏழாம் அலமாரி

15 வயசுக்கு முதல்ல சொல்ற பேர்: ஜேசன் ரெனால்ட்ஸோட 'லாங் வே டவுன்' (2017). அண்ணனைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. தம்பி வில், அவனுக்கும் 15 வயசு, பழிவாங்க இடுப்புல துப்பாக்கியைச் செருகிட்டு லிஃப்ட்ல ஏறுறான். கீழ வந்து சேர ஒரு நிமிஷம். ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் நிக்குது, செத்துப்போன ஒருத்தர் உள்ளே வர்றார். நாவலோட பெரும்பகுதி அந்த ஒரு நிமிஷம்தான். முழுக்கப் புதுக்கவிதை நடை. பக்கம் 300ஐத் தாண்டும், ஆனா பல பக்கங்கள்ல கொஞ்சம் வரிகள்தான்; ஒரே மாலையில முடிச்சிடலாம். விட்டுப்போன பழக்கம் திரும்ப வர இந்த 'முடிச்சிட்டேன்' ரொம்ப முக்கியம். துப்பாக்கியும் கொலையும் கதையோட மையத்துலயே இருக்கு, அதனால இதை 12 வயசுக்காரிக்குக் கொடுக்காதீங்க.

பேட்ரிக் நெஸ்ஸோட 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) இன்னொரு நல்ல தேர்வு. ஜிம் கே ஓவியங்களோட வந்த பதிப்பைத் தேடி வாங்குங்க. எழுத்து மட்டும் இருக்குற பதிப்பும் விற்குது, அதுல பாதி இருட்டு காணாமப் போயிடும். கதையில பையனோட அம்மாவுக்குத் தீராத நோய். அந்த வீட்டுல இப்போ யாராவது அப்படிப் படுத்திருந்தா, கேட்காம கொடுக்க வேண்டாம்.

பொதுவா நாயகனோட வயசைப் பாருங்க. பிள்ளைங்க தன்னைவிட ஒண்ணு ரெண்டு வயசு பெரியவங்களைப் பத்திப் படிக்க விரும்புவாங்க, சின்னவங்களைப் பத்தி இல்லை. கேரி பால்சனோட 'ஹேட்செட்' எவ்வளவு நல்லா இருந்தாலும் அதுல வர்ற பிரையனுக்கு 13 வயசு. 15 வயசுக்காரன் கையில கொடுத்தா 'என்னைக் குழந்தைன்னு நினைச்சுட்டாங்க'ன்னு ஓரமா வச்சிடுவான். அது 11, 12 வயசுக்குத்தான் சரி.

நூல்முனை

ரொம்ப நன்றி. செட் விஷயம் மட்டும் பாக்கி. பொண்ணுக்கு சி.எஸ். லூயிஸோட நார்னியா தொடர்கதை செட் வாங்கலாம்னு ஒரு யோசனை இருக்கு.

வாசிப்புமேசை

ஒரு பிள்ளை முதல் பாகத்தைப் படித்து அடுத்தது கேட்ட பிறகுதான் செட். அதற்கு முன் வாங்கினால் ஏழு புத்தகமும் கடன்போல எதிரே நிற்கும். முதல் பாகத்தை மட்டும் வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று குறித்து வையுங்கள். பிறகு வாங்குகிற பாகங்கள் அட்டையும் அளவும் பொருந்தாமல் போவது பிள்ளைகளை உண்மையாகவே உறுத்தும். வாழ்த்தைப் புத்தகத்தில் எழுதாமல் தனி அட்டையில் எழுதி உள்ளே வைத்தால், ஏற்கெனவே படித்ததாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நார்னியா செட்டில் 1 என்று எண் போட்டிருப்பது பெரும்பாலும் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. அது 1955இல், ஆறாவதாக வெளிவந்தது. முதலில் வந்தது 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' (1950). கதையில் வரும் துணி அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், லூசி என்ற சிறுமியோடு உள்ளே நுழைய வேண்டுமானால் இதில்தான் தொடங்க வேண்டும். செட்டில் இது இரண்டாம் எண்ணில் இருக்கும். செட்டாகவே வாங்கினால், இதை எடுத்து மேலே வைத்துக் கொடுங்கள்.