மறியல் வழக்கு எஃப்ஐஆரில் பெயர்: வக்கீலாகப் பதிவதில் சிக்கல் வருமா?

பாளை மாணவன்:
அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில சட்டம் கடைசி வருஷம். 2021 சாலை மறியல் எஃப்ஐஆர்ல, இபிகோ 143 (சட்டவிரோதமாக் கூடுதது), 188 (அரசு ஊழியர் உத்தரவை மீறுதது)-ல என் பேரும் இருக்கு. சம்மன் வரலை. வக்கீலாப் பதியுத பார் கவுன்சில் படிவத்துல இதை எழுதணுமா? ஃபைன் கட்டி முடிச்சிரச் சொல்லுதாவ.

கோர்ட் வாசல்:
ஃபைன் கட்டிராதீங்க தம்பி. குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டுனா அது தண்டனைதான், அப்புறம் கேக்க இடத்துல எல்லாம் எழுதணும். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 24ஏ முக்கியமா தடுக்கது ஒழுக்கக்கேடான குற்றத்துல தண்டனை வாங்குனவங்களை. விடுதலையாகி 2 வருஷம் கழிஞ்சா அந்தத் தடையும் நீங்கிரும். சாதாரண மறியலை யாரும் அதுல சேக்க மாட்டாங்க.

ஆனா படிவத்துல கட்டாயம் எழுதுங்க. மறைச்சுப் பதிஞ்சது பின்னால தெரிஞ்சா, பிரிவு 26-படி இந்திய பார் கவுன்சில் பேரையே நீக்கலாம். வழக்கைவிட மறைக்கதுதான் ஆபத்து.

தாமிரபரணி:
சம்மன் வரலைங்கதை நம்பி இருக்காதீங்க. குற்றப்பத்திரிகை போயிருந்தும் சம்மன் உங்க கைக்கு வந்து சேராமக் கிடக்கும். இ-கோர்ட்ஸ் தளத்துல ஸ்டேஷன், எஃப்ஐஆர் எண், வருஷம் போட்டுத் தேடுங்க. அதுல இல்லைன்னா சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்ல நகல் மனு போடுங்க. ஸ்டேஷன்ல "அதெல்லாம் முடிச்சாச்சு"ன்னு வாயால சொல்லுதது செல்லாது. இறுதி அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏத்துக்கிட்ட உத்தரவு கையில இருக்கணும்.

குற்றப்பத்திரிகையே போடலைன்னா உங்களுக்கு நல்ல பிடி இருக்கு. 143-க்கு அதிகபட்சம் 6 மாசம், அதனால குவிமுச (பழைய குற்றவியல் விசாரணை முறைச் சட்டம்) 468-படி கோர்ட் வழக்கை எடுக்கதுக்குக் காலவரம்பு ஒரு வருஷம்தான். 188-க்கு சம்பந்தப்பட்ட அரசு ஊழியரே கோர்ட்ல எழுத்துப் புகார் கொடுக்கணும். போலீஸ் எஃப்ஐஆர் செல்லாதுன்னு ஜீவானந்தம் வழக்குல 2018-லயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிட்டு. இந்த ரெண்டையும் வச்சு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில எஃப்ஐஆரை ரத்து பண்ணக் கேட்டு மனு போடலாம்; பழைய குவிமுச 482, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 528. பரீட்சை ரிசல்ட் வரும்வரை காத்திருக்காம இப்பவே போடுங்க.

கோர்ட் வாசல்:
வழக்கு முடிஞ்ச, இல்லை ரத்தான உத்தரவோட சான்றிட்ட நகலையும் எஃப்ஐஆர் நகலையும் படிவத்தோட வைங்க. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லைன்னா உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவுக்கு எழுதுங்க. பெண்கள், எஸ்சி, எஸ்டின்னா வருமானம் பாக்காம வக்கீல் தருவாங்க.

மாநில பார் கவுன்சிலோட பதிவுக்குழு உங்க விண்ணப்பத்தை நிராகரிக்க நினைச்சாலும் தானா முடிவெடுக்க முடியாது. வழக்கறிஞர்கள் சட்டம் 26(2)-படி காரணத்தோட இந்திய பார் கவுன்சில் கருத்துக்கு அனுப்பியாகணும். "முடியாது"ன்னு கவுன்டர்ல சொன்னாத் திரும்பி வந்துராதீங்க, எழுத்துல கேளுங்க.